மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் இறங்கலாமா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

"தண்ணி பச்சையா கிடக்கு, குளிக்கலாமா?" "நாத்தம் தாங்கல, பசங்கள எறக்கலாமா?" "ரிப்போர்ட்ல 1600-க்கு மேலன்னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன?" மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புக் கரைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பண்ணவாடி, கோட்டையூர் பக்கம் பரிசல் ஓட்டுபவர்கள், கரையோர ஊராட்சிப் பணியாளர்கள், பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் எல்லோரும் கையில் வைத்துக்கொள்ளும்படி விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு அணை, ஏரிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இது தண்ணீரின் தரத்தைப் பற்றியது மட்டுமே. ஆழம், சுழல், முன்னறிவிப்பில்லாமல் ஏறும் நீர்மட்டம் ஆகியவை தனி ஆபத்துகள். "இறங்காதீர்" என்று பலகை இருக்கும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இறங்கக் கூடாது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் வேலை ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் முதலில் ஆட்களைக் கரையேற்றுங்கள், சோதனையை அதன் பிறகு செய்யுங்கள். கிருமிச் சோதனையின் முடிவு வர ஒரு நாளிலிருந்து நான்கு நாள் வரை ஆகும். அந்த இடைவெளியில் குளிப்பவர்களை எந்த அறிக்கையாலும் காப்பாற்ற முடியாது.

## கையில் இருக்க வேண்டியவை

மூடி உள்ள கண்ணாடி ஜாடி இரண்டு, நீளக் குச்சி, ரப்பர் கையுறை, வெப்பமானி, பி.எச். (அமில, காரத் தன்மை) மீட்டரும் அதைச் சரிபார்க்கும் கரைசல்களும், கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் மீட்டர் அல்லது சொட்டு மருந்துப் பெட்டி, ஐஸ் பெட்டி, ஆய்வகத்திலிருந்து வாங்கிய கிருமி நீக்கிய குப்பிகள், ஒரு நோட்டு. கறுப்பு வெள்ளையாக வண்ணமடித்த 20 செ.மீ. தட்டைக் கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டால் தெளிவை அளக்கலாம். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தால் போதும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் எண்கள்: குளியல் நீருக்கு இந்தியாவில் வைத்திருக்கும் அளவுகோலின்படி மலக் கோலிபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) 100 மி.லி.க்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல். பி.ஓ.டி. (கழிவை மக்கவைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மி.கி.க்குள். மல ஸ்ட்ரெப்டோகாக்கை (மலத்திலிருந்து வரும் இன்னொரு கிருமி) 100 மி.லி.க்கு 100-க்குள் நல்லது, 500 உச்சம். இந்தப் பட்டியலில் பாசி நஞ்சு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து எண்ணும் சரியாக இருக்கும் தண்ணீரிலும் பாசி நஞ்சு இருக்கலாம்.

## அறிகுறி 1: தண்ணீர் பச்சையாக இருக்கிறது

மேட்டூரில் அதிகம் வரும் சிக்கல் இதுதான். பச்சை எல்லாம் ஒன்றல்ல என்பதால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பார்வை: குச்சியை விட்டுத் தூக்குங்கள். கையுறை கட்டாயம்.

*நூல் நூலாகக் குச்சியில் தொங்குகிறதா?* அது இழைப்பாசி. வழுக்கும், காலில் சுற்றும், ஆனால் பெரும்பாலும் நஞ்சு வைப்பதில்லை. குளிக்கும் இடத்தில் மட்டும் வாரிக் கரையில் போடுங்கள்.

*தனித்தனிக் குட்டி இலைகளாக, அடியில் வேருடன் இருக்கிறதா?* மிதக்கும் செடி. அதிலும் நஞ்சில்லை. ஆனால் சாக்கடைச் சத்து அருகில் எங்கிருந்தோ வருகிறது என்பதற்கு அது அடையாளம். அறிகுறி 5-க்குப் போங்கள்.

*குச்சியில் பச்சைப் பெயிண்டில் முக்கியெடுத்தது போல ஒட்டி வழிகிறதா?* இது நீலப்பச்சைப் பாசி. அசைவில்லாத மூலைகளில் நீலம், வெள்ளை கலந்த ஏடாகக் காய்ந்து கிடக்கும். இதை நஞ்சுள்ளது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஜாடிச் சோதனை. முக்கால் ஜாடி நீர் மொண்டு, மூடி, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையமாகத் திரண்டு, அடியில் தண்ணீர் தெளிந்திருந்தால் நீலப்பச்சைப் பாசி. அதன் உயிரணுக்களுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மேலே வருகிறது. இந்தச் சோதனை பாசியின் இனத்தைச் சொல்லும், நஞ்சின் அளவைச் சொல்லாது.

மூன்றாவது: முழங்கால் சோதனை. கரையில் நின்றபடி தட்டை முழங்கால் ஆழத்துக்கு இறக்குங்கள். பச்சை நீரில் அந்த ஆழத்திலேயே தட்டு மறைந்தால் யாரையும் இறக்க வேண்டாம்.

காரணங்கள், எளிதிலிருந்து கடினத்துக்கு:

காற்று. நேற்று வரை தெளிவாக இருந்த கரை இன்று காலை பச்சையாகி விட்டால் அது இங்கே வளர்ந்தது அல்ல, ஒதுங்கியது. "நேத்து காத்து எந்தப் பக்கம்ண்ணே அடிச்சுது?" என்று பரிசல்காரரிடம் கேளுங்கள், மீட்டரைவிட வேகமாகப் பதில் கிடைக்கும். எதிர்க்கரை தெளிவாக இருந்தால் காரணம் இதுதான். காற்று திரும்பினால் போய்விடும். ஆனால் ஒதுங்கி நிற்கும் நேரத்தில்தான் நஞ்சு ஒரே இடத்தில் அடர்ந்து நிற்கிறது. "தானாப் போயிடும்" என்று அதற்குள் குளிப்பது மிக மோசமான முடிவு.

வெயிலும் தேக்கமும். நீர்வரத்து குறைந்து, வெயில் ஏறி, காற்றும் நின்றால் பாசி பெருகும். மழையும் வரத்தும் வரும் வரை கரையை மூடி வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மூழ்கிய பயிர். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. டெல்டாவுக்குத் திறந்துவிட்டு மட்டம் இறங்க இறங்க, வெளியே வரும் வண்டல் நிலத்தில் விவசாயம் நடக்கிறது. மறுபடி தண்ணீர் ஏறும்போது பயிரின் தட்டையும் உரமும் அப்படியே முழுகி அழுகுகின்றன. அந்தச் சத்தைத் தின்று பாசி வளர்கிறது. ஏறுமுகத்தில் பச்சை வந்தால், மேட்டில் எங்கே பயிர் நின்றது என்று ஊரில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரும் ஆண்டு அறுவடைக் கழிவை முன்கூட்டியே அகற்றச் சொல்ல அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

கழிவுநீர். மட்டம் எதுவானாலும், பருவம் எதுவானாலும் ஒரே ஓடை வாயில் மட்டும் பச்சை நிற்கிறது என்றால் அந்த ஓடை வழியே சத்து வருகிறது. சரிசெய்ய மிகவும் செலவாகும் காரணம் இது. ஊராட்சி அளவில் முடியாது.

செய்யக் கூடாதவை. மயில்துத்தம் போடாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். பாசி செத்து உடையும்போது உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். சேலம் மாநகரத்துக்கும் சுற்றியுள்ள பல ஊர்களுக்கும் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதாக இருந்தாலும் அது அரசுத் துறை எடுக்க வேண்டிய முடிவு. பச்சை நீரைக் காய்ச்சினாலும் நஞ்சு போகாது. ஆடு மாட்டுக்கும் நாய்க்கும் அந்தத் தண்ணீரைக் காட்டக் கூடாது. நாய் உடம்பை நக்கிக்கொள்வதால் மிகச் சீக்கிரம் பாதிக்கப்படும்.

எப்போது அழைப்பது: குச்சியில் வண்ணமாக ஒட்டிய அன்றே நீர்வளத்துறை, மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டுக்கும் தகவல் கொடுங்கள். நஞ்சுச் சோதனை கேளுங்கள். மைக்ரோசிஸ்டின் எனும் பாசி நஞ்சுக்கு, குளிக்கும் நீரில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் எண் 24. குழந்தைகள் தண்ணீரை அதிகம் விழுங்குவார்கள் என்பதால் நான் 8-ஐத்தான் பிடித்துக்கொள்வேன். ஆடு மாடு செத்திருந்தால் 1962-க்கும் அழையுங்கள்.

## அறிகுறி 2: நாற்றம்

கண்ணை மூடிக்கொண்டு மோந்து பாருங்கள். நிறம் குழப்பும்.

மழை பெய்த மண் வாசனை என்றால் பாசியும் நுண்ணுயிரும் வெளிவிடும் பொருள். அந்த வாசனையால் மட்டும் கெடுதல் இல்லை. அறிகுறி 1-இன் குச்சிச் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

அழுகிய முட்டை என்றால் அடிச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. பாசி செத்து அழுகும்போதும், முழுகிய பயிர் அழுகும்போதும் இது வரும். மீன் சாவதற்கு முந்தைய கட்டம் இதுவாக இருக்கலாம். விடியற்காலையில் ஆக்சிஜன் பாருங்கள்.

மலநாற்றம் என்றால் உடனே மூடி, கரையோரமாக நடந்து பாருங்கள். கழிவுநீர் டேங்கர் லாரித் தடம், உடைந்த குழாய், ஓடை வாய். பெரும்பாலும் நடந்தே கண்டுபிடித்துவிடலாம்.

மருந்து, ஆசிட், கரைப்பான் நெடி என்றால் மாதிரி எடுக்கக்கூட இறங்காதீர்கள். காற்று வீசி வரும் பக்கமாக விலகி நின்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்தையும் தீயணைப்புத் துறையையும் அழையுங்கள்.

## அறிகுறி 3: மீன் செத்து மிதக்கிறது

முதலில் நேரத்தைக் குறியுங்கள். விடியலில் செத்ததா, பட்டப்பகலிலா?

*விடியலில், பெரிய மீன் முதலில், உயிருள்ளவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன:* ஆக்சிஜன் பற்றாக்குறை. பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். சூரியன் எழும் முன் அளந்தால் 2-க்குக் கீழே காட்டும். பத்து மணிக்கு மேல் போய் அளந்துவிட்டு "ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள்.

*எந்நேரமும், சிறிதும் பெரிதுமாக, நண்டு நத்தையும் சேர்த்து:* நஞ்சு கலந்திருக்கலாம். பூச்சிமருந்து, ஆலைக் கழிவு, மீன் பிடிக்க யாரோ போட்டது. கரையை மூடுங்கள். இரண்டு குப்பியில் தண்ணீரும், உயிர் ஊசலாடும் மீன் சிலவற்றை ஐஸிலும் எடுத்து வையுங்கள். அழுகிய மீனால் ஆய்வகத்துக்குப் பயனில்லை.

*ஒரே இனம் மட்டும், உடம்பில் புண்ணோடு:* நோய். மீன்வளத்துறைக்குச் சொல்லுங்கள்.

எந்த வகையானாலும் அந்த மீனை விற்கவோ கருவாடு போடவோ கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

## அறிகுறி 4: மழைக்குப் பின் கலங்கல்

காவிரியில் புதுவெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் நிறமாவது இயல்பு. ஆபத்து மண்ணில் இல்லை. கரையெல்லாம் கிடந்த மலமும் சாணமும் அதோடு சேர்ந்து இறங்குவதுதான் சிக்கல். பலத்த மழை நின்ற பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் யாரையும் இறக்காதீர்கள். இதற்கு ஆய்வகமே தேவையில்லை.

மழையே இல்லாமல் கலங்கினால் மூன்று காரணங்கள்: கால்நடை இறங்கியது, கரை சரிந்தது, மேலே மணல் அள்ளுகிறார்கள். நடந்து பாருங்கள்.

ஆடிப்பெருக்கு வருவது ஆகஸ்ட் தொடக்கத்தில். தென்மேற்குப் பருவமழை வெள்ளம் வருவதும் அப்போதுதான். அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் கூட்டம் கூடுவது அணைக்குக் கீழே ஆற்றில் என்றாலும், அந்தத் தண்ணீர் இந்தத் தேக்கத்திலிருந்து போவதுதான். மாதிரி எடுத்து முடிவு வாங்க ஆடி 18-க்கு ஒரு வாரம் முன்பே கிளம்ப வேண்டும். முதல் நாள் எடுத்த மாதிரியின் முடிவு, எல்லோரும் குளித்துவிட்டு வீடு போன பிறகே கைக்கு வரும்.

## அறிகுறி 5: ஆய்வக அறிக்கையில் கிருமி எண் எகிறுகிறது

சாக்கடையைத் தேடிக் கிளம்பும் முன் மாதிரி எடுத்த விதத்தைச் சந்தேகியுங்கள். அதைச் சரிபார்க்கச் செலவே இல்லை.

குப்பியைத் தண்ணீரில் அலசினீர்களா? கிருமி நீக்கிய குப்பியை அலசக் கூடாது. மூடியின் உட்புறத்தில் விரல் பட்டதா? சேற்றைக் கிளறிவிட்டு அதே இடத்தில் மொண்டீர்களா? சேற்றில் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சரியான முறை இது: இடுப்பளவுக்குள் நின்று, கிளறிய சேறு விலகும் வரை பொறுத்து, நீரோட்டத்தை எதிர்கொண்டு, குப்பி வாயைக் கீழ்நோக்கி ஒரு அடி ஆழத்துக்குச் செலுத்தி, அங்கே திருப்பி நிரப்ப வேண்டும். கழுத்தில் இரண்டு விரல்கடை காலியாக இருக்கட்டும். உடனே ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். பைக் பெட்டியில் வெயிலில் கொண்டுபோன குப்பி தரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. (தண்ணீர் பச்சையாக இருக்கும் நாளில் நீங்களும் இறங்க வேண்டாம், நீளக் கழியில் குப்பியைக் கட்டி எடுங்கள்.)

அடுத்து எண்ணைப் படிக்கும் விதம். எம்.பி.என். என்று அறிக்கையில் வரும் கிருமி எண்ணிக்கை ஒரு மதிப்பீடுதான். ஒரே தண்ணீரை இரண்டு குப்பியில் கொடுத்தாலும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம். 400-க்கும் 700-க்கும் இடையில் பெரிய கதை எதுவும் இல்லை. 400 போய் 9000 வந்தால் உண்டு. "1600-க்கு மேல்" என்று மட்டும் வந்தால் சோதனைக் குழாய்களின் உச்சம் முடிந்துவிட்டது என்று பொருள். நமக்கு வேண்டிய உச்ச வரம்பு 2500 என்பதால் அந்த அறிக்கையை வைத்து முடிவெடுக்க முடியாது. "நீர்த்துச் சோதித்துத் தாருங்கள்" என்று மாதிரி கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

குடிநீருக்குப் பயன்படுத்தும், கறுப்பாக மாறும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியை இங்கே நம்பாதீர்கள். திறந்த நீர்த்தேக்கத்தில் எங்கே மொண்டாலும் அது கறுக்கும். எவ்வளவு கிருமி என்று அது சொல்லாது.

மாதிரி சரி, எண்ணும் சரி என்றால்:

*எல்லா இடத்திலும் ஒரே நாளில் உயர்வு:* மழை, அல்லது வெள்ளம். காத்திருந்து மறு மாதிரி எடுங்கள்.

*விடுமுறை நாள்களுக்குப் பின் மட்டும் உயர்வு:* குளிப்பவர்களே காரணம். கரையில் கழிப்பறை இருக்கிறதா, திறந்திருக்கிறதா, அங்கே தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பூட்டிய கழிப்பறைச் சாவியை வாங்கித் திறந்துவிடுவதுதான் மிக மலிவான வைத்தியம்.

*மழையே இல்லாமல் ஒரே இடத்தில் எப்போதும் உயர்வு:* கசிவு. ஓடையில் 100 மீட்டருக்கு ஒரு மாதிரியாக மேலே போங்கள். எண் சட்டென்று விழும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் கசிவின் வாய் இருக்கிறது. அதன்பிறகு உள்ளாட்சியும் மாசு கட்டுப்பாட்டு வாரியமும் பார்க்க வேண்டிய வேலை. எழுத்தில் கொடுங்கள், எண்களோடு வரைபடமும் சேருங்கள்.

*பறவைக் கூட்டம், எருமை இறங்கும் துறை:* கால்நடை இறங்கும் துறையையும் ஆட்கள் குளிக்கும் துறையையும் பிரித்து வையுங்கள். குளிக்கும் இடம் நீரோட்டம் வரும் மேல்பக்கத்தில் இருக்கட்டும்.

## அறிகுறி 6: மீட்டர் காட்டுவதை நம்ப முடியவில்லை

பி.எச். 9.4 என்கிறதா? சரிபார்க்கும் கரைசல் 7, 10 இரண்டிலும் முக்குங்கள். அங்கே சரியாகக் காட்டினால் மீட்டரில் பழுதில்லை. பாசி அடர்ந்த நீரில் பிற்பகலில் பி.எச். 9-ஐத் தாண்டுவது உண்மையிலேயே நடக்கும். கரைசலிலும் தப்பாகக் காட்டினால் மின்முனையைக் கழுவி, அதற்குரிய சேமிப்புக் கரைசலில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் மின்முனையை மாற்றுங்கள்.

ஆக்சிஜன் 14 என்கிறதா? இங்கத்து 28 பாகை வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகத் தாங்குவது 8-க்குச் சற்றுக் குறைவு. பச்சை நீரில் பிற்பகல் 3 மணிக்கு 14 வருவது சாத்தியம், தெளிந்த நீரில் வந்தால் மீட்டர் பழுது. சந்தேகம் தீர சொட்டு மருந்துமுறை உதவும். குப்பியில் மருந்து விட்டதும் பழுப்பாகத் திரிந்து இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த நிறம் பொய் சொன்னதை நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 7: குளித்தவர்களுக்கு உடம்பு சரியில்லை

இங்கே தண்ணீர்ச் சோதனை இரண்டாம் வேலை. முதலில் ஆள்.

*சில மணி நேரத்தில் அரிப்பு, சிறு சிவப்புப் புள்ளிகள்:* நத்தை உள்ள களைப்பகுதியில் நின்றிருந்தால் அதிலிருந்து வரும் நுண்புழு. நல்ல தண்ணீரில் குளித்து அழுந்தத் துடைத்தால் பெரும்பாலும் சில நாளில் ஆறும். பச்சை நீரில் இறங்கியவருக்கு அரிப்போடு வாந்தியும் இருந்தால் பாசி நஞ்சு என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*ஒரே நாளில் குளித்த பலருக்கு வயிற்றுப்போக்கு:* ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, அறிகுறி 5-ஐத் தொடங்குங்கள். அவர்கள் குடித்த தண்ணீர், சாப்பிட்ட மீன் வறுவல் இரண்டையும் விசாரியுங்கள். ஏரியைக் குற்றம் சொல்லும் முன் அது முக்கியம்.

*ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு:* எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் இறங்கவே கூடாது என்பது இதனால்தான்.

*இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு:* 108. காத்திருக்காதீர்கள், மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீர் மூக்கில் ஏறுவதால் வரும் அமீபா மூளைக்காய்ச்சல் மிக அரிது, ஆனால் வந்தால் தப்புவோர் மிகச் சிலர். "ஏரியில் குளித்தார், மூக்கில் தண்ணீர் ஏறியது" என்று நீங்களாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவர் அதைத் தேட மாட்டார். மற்ற சந்தேகங்களுக்கு 104.

## அறிகுறி 8: நுரை, எண்ணெய்ப் படலம்

பழுப்பு நுரை, மண்வாசனை என்றால் அழுகிய இலை தழை. வெள்ளை நுரை, சோப்பு வாசனை என்றால் துவைக்கும் துறையும் குளியலும். ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் போட்டு எறியும் ஷாம்பூ உறைகள் வந்து ஒதுங்குவதும் இந்தக் கரைகளில்தான். படலத்தைக் குச்சியால் தொடுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து பிரிந்தே நின்றால் இரும்புப் பாக்டீரியா, கெடுதல் இல்லை. உடைத்ததும் மறுபடி கூடிக்கொண்டால் டீசல் அல்லது எண்ணெய். படகு எஞ்சினை முதலில் பாருங்கள்.

## மறுபடி திறப்பது

கிருமி காரணமாக மூடினால் அடுத்தடுத்த இரண்டு மாதிரி 500-க்குள் வந்த பிறகு. பாசி காரணமாக மூடினால் ஏடு முழுக்க மறைந்து, குச்சி சுத்தமாக வந்து, நஞ்சுச் சோதனையும் இறங்கிய பிறகு. நிறம் மாறிய மறுநாளே திறக்காதீர்கள். செத்த பாசியின் நஞ்சு தண்ணீரில் சில நாள், சில நேரம் வாரக்கணக்கில் நிற்கும். மீன் செத்த இடம் என்றால் காரணம் எழுத்தில் கிடைத்த பிறகு.

நோட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் தேதி, மணி, நீர் வெப்பம், காற்றின் திசை, கடைசி மழை, அன்றைய அணை மட்டம் எத்தனை அடி என்று எழுதுங்கள். மட்டம் கட்டாயம். 115 அடியில் நீங்கள் நின்று மொண்ட கரை 75 அடியில் காய்ந்த வயலாகி, தண்ணீர் வெகுதூரம் விலகிப் போயிருக்கும். மட்டம் எழுதாத இரண்டு எண்களை ஒப்பிடவே முடியாது.